புத்தக அலமாரி முதல் வீட்டு பிளான் வரை... காசு செலவில்லாமல் கம்ப்யூட்டரில் வரைய எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?

வாடகை வீட்டில் புத்தகங்கள் தரையில் குவிந்துகொண்டே போனதால், போன மாதம் ஒரு அலமாரி செய்யலாம் என்று முடிவெடுத்தேன். மூன்றடி அகலம், ஆறடி உயரம், ஒரு அடி ஆழம், ஐந்து பலகை. இதை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் பேனாவில் வரைந்து கார்பெண்டர் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ரெண்டு ஷீட் பிளைவுட் ஆகும்" என்றார். ஒரு சின்ன அலமாரிக்கு இரண்டு ஷீட்டா?

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அன்று இரவு லேப்டாப்பில் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி அளவோடு வரைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அகலத்தில் வெறும் மூன்று அங்குலம் குறைத்தால் மொத்த அலமாரியும் ஒரே ஷீட்டில் முடிந்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தமிழ் இலக்கியம் படித்த ஒருவரால் இவ்வளவு செய்ய முடிகிறது என்றால் உங்களாலும் நிச்சயம் முடியும். ஆனால் 'ஃப்ரீ கேட் சாஃப்ட்வேர்' என்று கூகுளில் தேடினால் வரும் பட்டியல் தலை சுற்ற வைக்கிறது. அதில் எது யாருக்குப் பொருந்தும், 'இலவசம்' என்பதற்குப் பின்னால் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

கேட் என்றால் என்ன?

கணினி உதவியுடன் வடிவமைப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் கேட். பெயிண்ட் போன்ற படம் வரையும் செயலியிலும் ஒரு செவ்வகம் வரையலாம்தான். ஆனால் அது வெறும் படம். கேட் சாஃப்ட்வேரில் வரையும் செவ்வகத்துக்கு அளவு உண்டு. 838 மில்லிமீட்டர் என்று கொடுத்தால் அது 838தான். திரையில் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அளவு மாறாது.

பிளைவுட் கணக்குக்கே வருவோம். எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2440-க்கு 1220 மில்லிமீட்டர். ஒரு அடி ஆழம் என்றால் 305 மில்லிமீட்டர். நாலடி அகலத்தில் நாலு பட்டை கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும். அதனால் கடைசிப் பட்டை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். ஆழத்தை 300 மில்லிமீட்டராக வைத்தால் நாலு பட்டையும் ஒழுங்காக வரும்.

அதில் இரண்டு பட்டை, ஆறடி உயரப் பக்கவாட்டுப் பலகைகளுக்குப் போய்விடும். மிச்சம் இரண்டு பட்டை. பிளைவுட்டின் தடிமன் 18 மில்லிமீட்டர் என்பதால், மூன்றடி அலமாரியின் உள்பலகை 914-லிருந்து இரண்டு பக்கத் தடிமன் 36-ஐக் கழித்து 878 மில்லிமீட்டர் வரும். ஒரு பட்டையில் இப்படி இரண்டு பலகைதான் எடுக்க முடியும். இரண்டு பட்டைக்கு நாலு. எனக்குத் தேவை ஐந்து. அந்த ஐந்தாவது பலகை ஒன்றுக்காகத்தான் அண்ணன் இன்னொரு ஷீட் கேட்டார்.

அகலத்தை 2 அடி 9 அங்குலமாக, அதாவது 838 மில்லிமீட்டராகக் குறைத்தால் உள்பலகை 802. மூன்று பலகைக்கு 2406. வெட்டு சேதாரம் சேர்த்தாலும் 2440-க்குள் அடங்கிவிடும். ஒரு பட்டைக்கு மூன்று வீதம் ஆறு பலகை கிடைக்கும். ஐந்து போக ஒன்று மிச்சம்கூட!

அனுபவமுள்ள கார்பெண்டர் இதை மனக்கணக்கிலேயே போட்டுவிடுவார். அவருக்கு அங்குலமும் நூலும்தான் மொழி. எட்டு நூல் ஒரு அங்குலம், அதாவது ஒரு நூல் மூன்று மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். நமக்கு அந்த அனுபவம் இல்லை. பலகையை வெட்டுவதற்கு முன்பே தவறைக் கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் ஒரே வழி, அளவோடு வரைந்து பார்ப்பதுதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

'எது சிறந்த சாஃப்ட்வேர்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'நான் என்ன வரையப் போகிறேன்?' என்று கேளுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கையளவுப் பொருள் என்றால், அதாவது மொபைல் ஸ்டாண்ட், உடைந்த குமிழ், சாவிக்கொத்து, பள்ளி அறிவியல் புராஜெக்ட் என்றால் டிங்கர்கேட் போதும். 2011-ல் தொடங்கப்பட்டு, 2013-ல் ஆட்டோகேட்டின் தாய் நிறுவனமான ஆட்டோடெஸ்க் வாங்கிய இணையதளம் இது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பிரவுசரில் திறந்து, ஒரு மெயில் ஐடி கொடுத்தால் போதும். பெட்டி, உருளை, கூம்பு என்று தயாராக இருக்கும் வடிவங்களை இழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். ஓட்டை போட வேண்டும் என்றால் ஒரு உருளையை 'ஓட்டை' என்று மாற்றி, பெட்டியோடு சேர்த்து குரூப் செய்தால் முடிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும். ஆர்டுயினோ போன்ற மின்சுற்றுகளைத் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இதிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் அளவுகளைத் துல்லியமாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய வேலைக்கு இது சீக்கிரமே போதாமல் போய்விடும்.

மரச்சாமான், சமையலறை மேடை, கடைக்கு ஒரு கவுன்ட்டர் என்றால் ஸ்கெட்ச்அப் வசதி. ஒரு செவ்வகம் வரைந்து அதை மேலே இழுத்தால் பெட்டியாகிவிடும். இழுக்கும்போதே 18 என்று டைப் செய்தால் 18 மில்லிமீட்டர் பலகை ரெடி. என் அலமாரியை முதலில் இதில்தான் நிமிர்த்திப் பார்த்தேன். இதன் இலவசப் பதிப்பு பிரவுசரில் மட்டுமே ஓடும், இணைய வசதி கட்டாயம். இன்னொரு முக்கியமான நிபந்தனையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டு பிளான் என்றால் நான் பரிந்துரைப்பது ஸ்வீட் ஹோம் 3டி. இது கொஞ்சம் பழைய தோற்றத்தில் இருக்கும், அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். மேலே பிளானில் சுவர் வரைந்தால் கீழே முப்பரிமாணத்தில் அந்தச் சுவர் உடனே எழும்பும். கதவை இழுத்துச் சுவர்மேல் வைத்தால் அதுவே தன் இடத்தை வெட்டிக்கொண்டு உட்காரும். மேஸ்திரி கையால் வரைந்து கொடுத்த பிளானை போட்டோ எடுத்துப் பின்னணியில் வைத்து, ஒரு சுவரின் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு அதன்மேலேயே வரையலாம். வடக்கு எந்தப் பக்கம் என்று திசைகாட்டியில் குறித்தால், எந்த நேரத்தில் எந்த ஜன்னல் வழியாக வெயில் விழும் என்பதைப் படமாகவே காட்டும். (வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இந்தத் திசைகாட்டி பிடிக்கும்!) இன்டர்நெட் இல்லாமலே ஓடும்.

படுக்கையறைக்குள் கட்டில், பீரோ இரண்டும் போட்ட பிறகு பீரோ கதவைத் திறக்க முடியுமா? பாத்ரூம் கதவு வாஷ்பேசினில் இடிக்குமா? கட்டி முடித்த பிறகு வயிற்றெரிச்சல் படுவதற்குப் பதிலாக இதையெல்லாம் முன்பே பார்த்துவிடலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இது அறைகளை அடுக்கிப் பார்க்க மட்டுமே. தூண், பீம், கம்பி, அஸ்திவாரம் ஆகியவற்றை இன்ஜினியர்தான் கணக்கிட வேண்டும். இதில் எடுத்த பிரிண்ட்-அவுட்டை அப்ரூவல் பிளான் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜன்னல் கிரில், கேட் டிசைன், லேசர் கட்டிங்குக்குப் போகும் தகடு போன்றவை தட்டையான வேலைகள். இரண்டு பரிமாணம் போதும். இதற்கு லிப்ரேகேட். கியூகேட் என்ற சாஃப்ட்வேரின் சமூகப் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. சின்ன சாஃப்ட்வேர், பழைய கம்ப்யூட்டரிலும் திணறாது. கோடு, வட்டம், ஆஃப்செட், ட்ரிம், லேயர் என்று ஆட்டோகேட் பார்த்தவர்களுக்குப் பழகிய முகம்தான். யூடியூபில் தமிழில் குவிந்திருக்கும் ஆட்டோகேட் பாடங்களின் அடிப்படை இங்கேயும் உதவும், ஷார்ட்கட் எழுத்துகள்தான் மாறும். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் ஒரே தவறு, அலகை மில்லிமீட்டர் என்று மாற்றாமலே வரைய ஆரம்பிப்பது. முதல் கோடு போடும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

என் அலமாரிக்கான ஷீட் கணக்கை நான் போட்டது லிப்ரேகேட்டில்தான். பெரிய செவ்வகம் ஒன்று ஷீட்டுக்கு, அதற்குள் சின்னச் செவ்வகங்கள் பலகைகளுக்கு. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

ஃப்ரீகேட்: கஷ்டம், ஆனால் கற்றுக்கொள்ளலாம்

பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்களும், சிறு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது ஃப்ரீகேட். 2002-லிருந்து உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் உருவாக்கி வரும் சாஃப்ட்வேர் இது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் '0.' என்றே எண் போட்டு வெளியிட்டு வந்தவர்கள், 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். பழைய பதிப்பைப் பயன்படுத்திவிட்டு 'அடிக்கடி மாடல் உடைஞ்சுடுது' என்று வெறுத்துப் போனவர்கள் பலர். முன்பு செய்த ஒரு அளவை மாற்றினால் அதன்மேல் கட்டிய ஓட்டையும் விளிம்பும் இடம்மாறிப் போகும் அந்தப் பழைய பிரச்சினையை 1.0 பெருமளவு குறைத்திருக்கிறது. ஒருமுறை ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து பார்க்கலாம்.

இதன் பலம் என்னவென்றால், அளவுகளை ஒன்றோடொன்று கட்டிப்போடலாம். உள்பலகை நீளம் என்பது மொத்த அகலத்திலிருந்து இரண்டு தடிமனைக் கழித்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். நாளைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் கிடைக்காமல் 12 மில்லிமீட்டர் வாங்கினால், ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள், எல்லாப் பலகையும் தானாக மாறிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் ஒரே மாதிரி பிராக்கெட்டைப் பத்து அளவுகளில் செய்பவருக்கு இதன் அருமை தெரியும்.

சரி, பிரச்சினை? முதல் நாள் கோபம் வரும். பட்டன்கள் ஏராளம், வேலைக்கு ஏற்றபடி 'ஒர்க்பெஞ்ச்' மாற்ற வேண்டும், எந்த பட்டன் எந்த ஒர்க்பெஞ்சில் இருக்கிறது என்று தேட வேண்டும். தினம் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் கொடுங்கள். முதலில் ஸ்கெட்ச்சர், பார்ட் டிசைன் என்ற இரண்டு ஒர்க்பெஞ்ச் மட்டும் போதும். மற்றவற்றைத் திறந்தே பார்க்காதீர்கள்.

இந்த வரிசையில் ஆன்ஷேப்பும் ஃபியூஷனும் உண்டு. இரண்டுமே பயன்படுத்த ஃப்ரீகேட்டைவிட எளிது, தொழில்முறைத் தரம். நிபந்தனைகளும் அதே தரம்தான்! புரோகிராமிங் தெரிந்தவர்கள், வரையாமல் கோடு எழுதியே வடிவம் உண்டாக்கும் ஓப்பன்ஸ்கேட்டை முயற்சி செய்யலாம். பிளெண்டரைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது அனிமேஷனுக்கும் காட்சிகளுக்கும் அற்புதமான இலவச சாஃப்ட்வேர். ஆனால் அளவு சுத்தமாக வர வேண்டிய வேலையை அதில் தொடங்குவது வீண் அலைச்சல்.

'ஃப்ரீ' என்றால் எல்லாம் ஒரே ஃப்ரீ அல்ல

தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ஃப்ரீகேட், லிப்ரேகேட், ஸ்வீட் ஹோம் 3டி, ஓப்பன்ஸ்கேட் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். அதாவது இவற்றின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இதை வைத்து நீங்கள் சம்பாதிக்கலாம், எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். நாளைக்கு யாரும் வந்து 'இனிமேல் காசு' என்று உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிப்பைப் பூட்ட முடியாது.

மற்றவை நிறுவனங்கள் தரும் இலவசத் திட்டங்கள். ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. உங்கள் வீட்டுக்கு அலமாரி வரையலாம், வாடிக்கையாளருக்கு வரைந்து கொடுத்துக் காசு வாங்கக் கூடாது. ஆட்டோடெஸ்கின் ஃபியூஷனில் தனிநபர் இலவசத் திட்டம் இருக்கிறது. அதுவும் தொழிலுக்கு அல்ல, ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஃபைல்களும் பத்துதான். ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது எல்லாமே பொதுவெளியில் இருக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் புதிதாக ஒரு கருவி கண்டுபிடித்து காப்புரிமை வாங்கும் யோசனை இருந்தால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நிறுவனங்கள் மனம் மாறியதற்கு உதாரணங்களும் இருக்கின்றன. டிராஃப்ட்சைட் என்ற சாஃப்ட்வேரை ஆட்டோகேட்டுக்கு மாற்றாகப் பலரும் இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2019 இறுதியோடு அந்த இலவசப் பதிப்பு ஓடுவதே நின்றுபோனது. ஸ்கெட்ச்அப்பும் ஒரு காலத்தில் கூகுளிடம் இருந்தது, 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யக்கூடிய அதன் இலவசப் பதிப்பு 2017-க்குப் பிறகு வரவில்லை. ஃபியூஷனின் இலவசத் திட்டத்திலும் 2020-ல் பல வசதிகள் வெட்டப்பட்டன.

எனவே பொழுதுபோக்குக்கு என்றால் எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கற்றுக்கொண்டு நாளைக்குத் தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் லிப்ரேகேட், ஃப்ரீகேட் பக்கம் வருவதே நல்லது என்பது என் கருத்து. கை பழகிய கருவியைப் பாதியில் மாற்றுவதுதான் பெரிய செலவு.

மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆட்டோகேட்டையே இலவசமாகத் தருகிறது. கல்லூரியில் படிப்பதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும், ஒரு வருடத்துக்குக் கிடைக்கும், படிக்கும் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். படிப்புக்கு மட்டும்தான். வேலைக்குப் போகும் இடத்தில் ஆட்டோகேட் கேட்பார்கள் என்ற பயம் இருப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

'கிராக்' போட்டா என்ன?

'எங்க ஃப்ரெண்ட் பென் டிரைவ்ல ஆட்டோகேட் கிராக் வெச்சிருக்கான்' என்ற வசனம் எல்லா ஊரிலும் உண்டு. அது இலவசம் அல்ல, திருட்டு. வைரஸ் பயம் ஒருபுறம். கிராக் ஃபைலை ஓட்ட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அதைவிட வைரஸுக்கு வேறு அழைப்பிதழ் வேண்டுமா? இன்னொருபுறம் சட்டம். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தொழில் லாபத்துக்காக இல்லை என்று காட்டினால் நீதிமன்றம் சிறைத்தண்டனை இல்லாமல் 50 ஆயிரம் வரை அபராதத்தோடு விடலாம். தொழில் செய்பவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

மொபைலில் முடியுமா?

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது போன்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வரைந்ததைப் பார்க்க, வாடிக்கையாளருக்குக் காட்ட, சின்னத் திருத்தம் செய்ய போன் போதும். ஆன்ஷேப்பின் மொபைல் செயலியில் முழுதாக வரையவே முடியும், ஆனால் விரல் நுனியில் ஒரு மில்லிமீட்டர் விளிம்பைப் பிடிக்கப் போராடிப் பார்த்தால் போதும், ஆசை போய்விடும். டிங்கர்கேட் ஐபேடில் நன்றாக ஓடும். மற்றபடி ஒரு பழைய லேப்டாப்பாவது வேண்டும். லேப்டாப்பின் டச்பேடை நம்ப வேண்டாம். நடுவில் சக்கரம் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும், பல சாஃப்ட்வேர்களில் அதையே அழுத்திப் பிடித்தால் வரைபடம் நகரும் அல்லது சுழலும். இந்த ஒரு பொருள் இல்லாமல் 'கேட் ரொம்ப கஷ்டம்' என்று விட்டவர்களை எனக்கே தெரியும்.

வரைந்ததை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கடைசியாக ஃபைல் விஷயம். லேசர் கட்டிங் கடைக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைலாகக் கொடுங்கள். வெவ்வேறு சாஃப்ட்வேர்கள் வரைபடங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே உருவான வடிவம் அது. ஆட்டோகேட்டின் சொந்த வடிவமான டிடபிள்யூஜி ஃபைலை இலவச சாஃப்ட்வேர்களில் திறப்பது எப்போதும் சுலபமில்லை, ஃப்ரீகேட்டுக்கு அதற்கெனத் தனியாக ஒரு மாற்றி தேவைப்படும். அதனால் யாராவது உங்களுக்கு வரைபடம் அனுப்பினால், 'டிஎக்ஸ்எஃப்ல அனுப்புங்க அண்ணே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3டி பிரிண்ட் எடுக்க எஸ்டிஎல் ஃபைல். இதில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்டிஎல் ஃபைலுக்குள் எண்கள் மட்டும்தான் இருக்கும், அது அங்குலமா மில்லிமீட்டரா என்ற தகவல் இருக்காது. இரண்டு அங்குலம் என்று வரைந்தது பிரிண்டரில் இரண்டு மில்லிமீட்டராக, அரிசி அகலத்துக்கு வந்து நிற்கலாம். எதையும் மில்லிமீட்டரில் வரைவதே பாதுகாப்பு. லேத், மில்லிங் வேலைக்கு முப்பரிமாண ஃபைல் கேட்டால் ஸ்டெப் என்ற வடிவத்தில் கொடுங்கள், அதில் அலகும் துல்லியமும் காப்பாற்றப்படும்.

பிரவுசரில் ஓடும் எந்த இலவசத் திட்டமாக இருந்தாலும், வரைந்து முடித்ததும் அது அனுமதிக்கும் வடிவம் ஒன்றில் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவுன்லோடு செய்யும்போது ஃப்ரீகேட் டாட் ஆர்க், லிப்ரேகேட் டாட் ஆர்க், ஸ்வீட்ஹோம்3டி டாட் காம் போன்ற அதிகாரப்பூர்வ தளங்களுக்கு மட்டும் செல்லுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க்குகளில் அதே பெயரில் வேறு ஏதாவது வந்து இறங்கும்.

கார்பெண்டர் அண்ணனிடம் நான் ஃபைல் எல்லாம் கொடுக்கவில்லை. ஷீட் வெட்டும் படத்தை ஒரு ஏ4 தாளில், அளவை அங்குலத்துக்கு மாற்றி எழுதி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "மிச்சம் வர்ற அந்த ஆறாவது பலகையை ஸ்டூலுக்குப் போட்டுரலாம் தம்பி" என்றார்.